எப்படி வாக்களிப்பது என்று சொல்லுங்கள், யாருக்கு என்று சொல்லாதீர்கள்
தேர்தல் காலத்தில் பள்ளிவாசல்களும் நலன்புரிச் சங்கங்களும்

2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 300,300. எட்டு வாரங்கள்கூட முழுமையாகக் கழியாமல், நவம்பர் 14 ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. அதில் நிராகரிக்கப்பட்டவை 667,240. வாக்களிக்க வந்தோர் தொகை குறைந்திருந்தது. ஆனால் பழுதான வாக்குகள் இரண்டு மடங்கைத் தாண்டின. நூற்றுக்கு 2.2 ஆக இருந்தது நூற்றுக்கு 5.6 ஆனது.

இவற்றுள் வேண்டுமென்றே பழுதாக்கப்பட்டவையும் இருக்கும். அது அவரவர் தீர்மானம். ஆனால் ஒரே மக்கள், ஒரே வாக்காளர் இடாப்பு, இரண்டு மாத இடைவெளி. மாறியது முக்கியமாக வாக்குச்சீட்டின் அமைப்புத்தான். கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு விருப்பு இலக்கங்கள் என்று வரும்போது எமது மக்களில் பலர் தடுமாறுகிறார்கள். வரிசையில் நின்று, விரலில் மை பூசி, வாக்களித்துவிட்டோம் என்ற நிம்மதியோடு வீடு திரும்புகிறவருக்குத் தன் வாக்கு எண்ணப்படவில்லை என்பது கடைசிவரை தெரியாது.

இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியது யார்? தேர்தல் ஆணைக்குழு விளம்பரம் செய்கிறது. கட்சிகள் தமது சின்னத்தை மட்டும் காட்டிக் கொடுக்கின்றன. கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரையான எமது கரையோரக் கிராமங்களில் ஒவ்வொரு வீட்டின் கதவையும் தட்டக்கூடியவை வேறு சில அமைப்புகள். பள்ளிவாசல் நிர்வாகம், ஜனாஸா நலன்புரிச் சங்கம், ஸகாத் குழு, மாதர் சங்கம், மீனவர் கூட்டுறவுச் சங்கம், பழைய மாணவர் சங்கம் ஆகியவையே அவை. இவை தேர்தல் காலத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

நம்பிக்கைதான் இவற்றின் முதல்

ஓர் ஊரின் ஜனாஸா சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரரும் அங்கத்தவர்கள். மாதச் சந்தா கட்டுகிறவரிடம் நீங்கள் எந்தக் கட்சி என்று எவரும் கேட்பதில்லை. மையித்து வீட்டுக்குக் கதிரையும் கூடாரமும் கொண்டுபோகிற பிள்ளைகளும் அதைக் கேட்பதில்லை. ஸகாத் பணத்தைக் கொடுத்தவர் அதை ஏழையின் உரிமையாகக் கொடுத்தார், ஒரு வேட்பாளரின் வெற்றிக்காகக் கொடுக்கவில்லை. கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் பிள்ளைகள் ஊர்ச் சங்கத்துக்கு அனுப்பும் பணமும் அப்படித்தான்.

இந்த அமைப்புகள் சட்டத்தின் முன்னாலும் பொது நம்பிக்கைக்கு உரியவை. பள்ளிவாசல்களும் அவற்றின் நம்பிக்கையாளர்களும் 1956 இன் 51 ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் வருகிறார்கள். சமூகசேவை அமைப்புகள் பல 1980 இன் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவை. சிறிய சங்கங்கள் பிரதேச செயலகத்தில் பதியப்பட்டவை. எந்தப் பதிவாக இருந்தாலும் சங்கத்தின் பெயர், கட்டடம், பணம், ஒலிபெருக்கி ஆகியன தலைவருக்கோ செயலாளருக்கோ சொந்தமானவை அல்ல. அவை அமானிதம்.

தலைவர் தனிமனிதராக விரும்பிய கட்சிக்கு வேலை செய்யலாம். அது அவருடைய உரிமை. சங்கத்தின் கடிதத்தலைப்பையும் பள்ளிவாசலின் மிம்பரையும் அதற்குப் பயன்படுத்த அவருக்கு உரிமை இல்லை.

சட்டம் போட்டிருக்கும் கோடு

இது வெறும் நல்லொழுக்கம் பற்றிய பேச்சல்ல. 1981 இன் 1 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம், மத ஒன்றுகூடலில் தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கோடு பேசுவதையும், துண்டுப்பிரசுரம் கொடுப்பதையும், வணக்கஸ்தலத்தில் வேட்பாளருக்காகப் பொதுக்கூட்டம் நடத்துவதையும் தவறாகக் கொள்கிறது. ஆன்மீகத் தீங்கு நேரும் என்று அச்சுறுத்தி ஒருவரின் வாக்கைத் திருப்புவதும் தகாத செல்வாக்கு என்ற குற்றத்துக்குள் அடங்கும். 'இந்தக் கட்சிக்குப் போடாதவன் சமூகத் துரோகி, நாளை மறுமையில் பதில் சொல்வான்' என்று ஜும்ஆவில் பேசுகிறவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை அவரே யோசிக்கட்டும்.

வாக்கைப் பெறும் நோக்கோடு உணவோ பொருளோ பணமோ வழங்குவதும் குற்றம். இது எமது சங்கங்களுக்கு மிகவும் நெருக்கமான விடயம். 2025 மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அதற்கான வேட்புமனுக்கள் மார்ச் 17 முதல் 20 வரை ஏற்கப்பட்டன. அந்த நாட்கள் ரமழானின் நடுப்பகுதி. உலர் உணவுப் பொதியும் இப்தாரும் ஸகாத்தும் ஊரெங்கும் பகிரப்படும் காலம். அத்தகைய நேரத்தில் ஒரு வேட்பாளர் வந்து நூறு பொதிகளைத் தருகிறேன், நீங்களே பகிர்ந்துவிடுங்கள், நான் வந்து நின்றால் போதும் என்று சொன்னால் சங்கம் என்ன செய்ய வேண்டும்? வாங்கக்கூடாது. தேர்தல் முடிந்த பிறகு தாருங்கள் என்று சொல்லலாம். உண்மையான ஸதகாவாக இருந்தால் தேர்தலுக்குப் பிறகும் அது வரும்.

2023 இன் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் இன்னொரு கதவையும் அடைத்திருக்கிறது. வேட்பாளர்கள் எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு இப்போது எல்லை உண்டு. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவு செலவைக் காட்ட வேண்டும். சங்கத்தின் வழியாகச் செலவழித்துக் கணக்கை மறைக்க எவரும் நினைத்தால், நாளை விசாரணையில் பெயர் அடிபடப்போவது சங்கமும்தான்.

செய்யக்கூடியது என்ன?

தடைகளைச் சொல்லி நிறுத்தினால் அரைவாசி உண்மையைத்தான் சொன்னதாகும். சட்டத்துக்குப் பயந்து தேர்தல் பற்றிய பேச்சே வேண்டாம் என்று ஒதுங்குகிற நிர்வாகங்களும் இருக்கின்றன. அதுவும் சரியல்ல. எவருக்கும் சாயாமல் செய்யக்கூடிய வேலை நிறைய உண்டு.

முதலாவது, இடாப்பு. பெயர் இல்லாதவருக்கு வாக்கு இல்லை. வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. அந்த ஆண்டுக்குள் 18 வயதை அடைகிற இளையோரைத் துணை இடாப்பில் சேர்க்க 2021 ஆம் ஆண்டின் திருத்தம் வழி செய்தது. திருமணமாகி வேறு ஊருக்குப் போன பெண்பிள்ளைகள், வாடகை வீட்டில் இருப்போர், தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரைக்குப் போய் வாடி அமைத்துத் தொழில் செய்கிற மீனவர்கள் ஆகியோரின் பெயர்களே அதிகம் தவறிப்போகின்றன. கிராம உத்தியோகத்தரிடம் படிவத்தைப் பெற்று நிரப்பிக் கொடுக்க ஒரு சங்கம் இரண்டு இளைஞர்களை நியமித்தாலே போதும்.

இரண்டாவது, அடையாள ஆவணம். தேசிய அடையாள அட்டை இல்லாதவர்கள் தேர்தலுக்கு முன்பே கிராம உத்தியோகத்தர் ஊடாகத் தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். முகத்தை மறைத்து உடுக்கும் எமது பெண்கள், ஆளை அடையாளம் காணும் கட்டத்தில் அதிகாரிக்கு முகத்தைக் காட்ட வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் வாக்களிப்பு நிலையத்தில் சங்கடம் வராது. பார்வையற்றோரும் உடல் இயலாதோரும் உரிய அத்தாட்சிப் பத்திரத்தோடு உதவியாளர் ஒருவரை அழைத்துச் செல்லலாம் என்பதும் பல வீடுகளுக்குத் தெரியாது.

மூன்றாவது, விடுமுறை. புத்தளத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் கொழும்புக் கடைகளில் வேலை செய்கிறார்கள். தனியார் துறையினருக்கும் சம்பளத்தோடு வாக்களிக்க விடுமுறை உண்டு. தேர்தல் ஆணைக்குழு அறிவித்து வரும் அளவின்படி, 40 கிலோமீற்றருக்குட்பட்ட தூரமானால் அரைநாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாட்கள். கொழும்பிலிருந்து புத்தளம் நகரம் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். முதலாளியிடம் கெஞ்சிக் கேட்க வேண்டிய சலுகை அல்ல இது.

நான்காவது, வாக்குச்சீட்டு. 2024 செப்டெம்பர் முதல் 2025 மே வரை எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல்கள், மூன்று விதமான வாக்குச்சீட்டுகள். ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மட்டும் புள்ளடி இடலாம், அல்லது 1, 2, 3 என்று விருப்பு வரிசை இடலாம். பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி, பிறகு விரும்பினால் அதே கட்சியின் மூன்று வேட்பாளர்களுக்கு மேற்படாமல் விருப்பு வாக்கு. கட்சிக்குப் புள்ளடி இடாமல் இலக்கத்துக்கு மட்டும் இட்டால் வாக்கு போய்விடும். இரண்டு கட்சிக்கு இட்டாலும் போய்விடும். உள்ளூராட்சித் தேர்தலில் ஒரேயொரு புள்ளடி மட்டும், விருப்பு இலக்கம் கிடையாது.

ஜனாதிபதித் தேர்தலின் கணக்கை இன்னும் சற்று நெருங்கிப் பாருங்கள். 2024 இல் முதன்முறையாக எவரும் பாதிக்கு மேல் பெறாமல், இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டது. முதல் இருவரையும் தவிர்த்து மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ 33 இலட்சத்து 21 ஆயிரம். இவற்றிலிருந்து அந்த இருவருக்கும் போய்ச் சேர்ந்த விருப்பு வாக்குகள் 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. இரண்டாம் விருப்பை இடாமல் விடுவது வாக்காளரின் உரிமை. ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்து விட்டவர் எத்தனை பேர், தெரியாமல் விட்டவர் எத்தனை பேர்?

பாடசாலைகளில் நாங்கள் மாணவர் பாராளுமன்றத் தேர்தல் நடத்துகிறோம். எட்டாம் ஆண்டுப் பிள்ளை வாக்குச்சீட்டை மடித்துப் பெட்டியில் போடப் பழகிவிடுகிறது. அதே பிள்ளையின் கையில் ஒரு மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, இதை உங்கள் வீட்டு உம்மம்மாவுக்குக் காட்டிக் கொடுங்கள் என்று அனுப்பினால் வேலை முடிந்தது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மாதிரிச் சீட்டில் உண்மையான கட்சிச் சின்னம் எதுவும் இருக்கக்கூடாது. எந்தத் தேர்தலிலும் போட்டியிடாத படங்களாகத் தேர்ந்தெடுங்கள்.

இடம்பெயர்ந்தோரின் வாக்கு

எமது மாவட்டத்துக்கே உரிய ஒரு விடயம் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் என்று பொதுவாகக் கணக்கிடப்படும் அந்த மக்களில் பெரும்பாலானோர் புத்தளம், கற்பிட்டி, பாலாவி, தில்லையடி, ஆலங்குடா பகுதிகளுக்கு வந்தார்கள். முகாம் கிராமமானது. அங்கே பிறந்த பிள்ளைகள் இன்று பெற்றோர் ஆகிவிட்டார்கள். அவர்கள் வாக்கு எங்கே, மன்னாரிலா புத்தளத்திலா என்ற கேள்வி ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது.

2013 இன் 27 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம், யுத்தத்தால் இடம்பெயர்ந்தோர் தமது சொந்த இடத்தின் இடாப்பில் பதிய வழி செய்தது. மீளக் குடியேற நினைப்போருக்கு அது மண்ணோடு இருக்கும் உறவின் அத்தாட்சி. மறுபக்கம், இங்கே வசித்துக்கொண்டு இங்குள்ள இடாப்பில் பெயர் இல்லாவிட்டால் அதற்கும் விலை உண்டு. முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது வதிவிடத்தை நிரூபிக்க வாக்காளர் இடாப்புப் பதிவுக்குப் புள்ளி வழங்கப்படுகிறது. பதிவு அங்கே, வீடு இங்கே என்று இருக்கும் பெற்றோர் விண்ணப்பப் படிவத்தோடு பாடசாலை அலுவலகத்தில் படும் பாட்டை ஆசிரியர்கள் அறிவோம்.

வாக்களிக்கப் போகும் பாதையும் எப்போதும் பாதுகாப்பாக இருக்கவில்லை. 2019 நவம்பர் 16 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் நாளில், புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற பஸ் தொடர் தந்திரிமலைப் பகுதியில் வழிமறிக்கப்பட்டது. வீதியில் டயர்கள் எரிக்கப்பட்டன, துப்பாக்கிச் சூடும் கல்வீச்சும் நடந்தன. அல்லாஹ்வின் அருளால் எவரும் உயிரிழக்கவில்லை. ஒரு வாக்குக்காகக் கைக்குழந்தையோடு இரவில் பயணித்த தாய்மாரை நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் சார்பற்ற அமைப்பின் தேவை மிகக் கூர்மையாகத் தெரிகிறது. மன்னார் அரசியல்வாதிக்கு இவர்கள் அங்கே பதிந்திருப்பது இலாபம். புத்தளம் அரசியல்வாதிக்கு இங்கே பதிந்திருப்பது இலாபம். பஸ் ஏற்பாடு செய்பவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். இரண்டு பக்கத்தின் நன்மை தீமையையும் ஒரே மேசையில் வைத்து, காணி, பாடசாலை, வீட்டுத்திட்டம், பயணம் ஆகிய நான்கையும் விளக்கி, 'தீர்மானம் உங்கள் குடும்பத்துடையது' என்று சொல்லக்கூடியது தேர்தலில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு சங்கம் மட்டுமே. நிவாரணம் தந்த கை பதிவையும் தீர்மானித்தால், அகதியாக வந்தவர் மூன்று தசாப்தங்களுக்குப் பிறகும் அகதியாகவே நடத்தப்படுகிறார்.

பிரச்சினையைப் பேசுவது அரசியல் அல்ல

சார்பின்மை என்பது வாய்மூடி இருப்பதல்ல. கொழும்புக் குப்பையை அருவக்காட்டில் கொட்டும் திட்டத்துக்கு எதிராக 2018, 2019 ஆம் ஆண்டுகளில் புத்தளம் மக்கள் தொடர்ந்து வீதிக்கு இறங்கினார்கள். பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் கோவிலும் ஒரே குறையைப் பேசின. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பலும் தூசியும், களப்பின் மீன்வளம், உப்பளத் தொழிலாளரின் கூலி, வைத்தியசாலை வசதி ஆகியனவும் அப்படியான விடயங்கள்தான்.

இவற்றை ஐந்து கேள்விகளாக எழுதி, போட்டியிடும் எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே நாளில் ஒரே கடிதமாக அனுப்பலாம். வந்த பதில்களை ஒரு சொல்லையும் மாற்றாமல் ஊருக்கு வெளியிடலாம். பதில் தராதவரின் பெயருக்கு எதிரே 'பதில் கிடைக்கவில்லை' என்று மட்டும் எழுதலாம். புள்ளி போடவோ சிறந்தவர் இவர் என்று முடிக்கவோ வேண்டாம். வாசிப்பவருக்கு அறிவு இருக்கிறது.

இது புதிய வழியல்ல. 1987 முதல் இயங்கும் பெப்ரல் அமைப்பு முன்னின்ற மார்ச் 12 இயக்கம், 2015 இல் குற்றச்செயல், இலஞ்சம், சமூகவிரோத வியாபாரம் போன்றவற்றில் தொடர்பில்லாதவர்களையே வேட்பாளராக நிறுத்தும்படி எல்லாக் கட்சிகளிடமும் ஒரே அளவுகோலை நீட்டியது. இந்தியாவில் 1999 இல் சில பேராசிரியர்கள் தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் நீதிமன்றம் சென்றது. வேட்பாளர்கள் தமது குற்ற வழக்குகளையும் சொத்துகளையும் பகிரங்கப்படுத்த வேண்டும் என்ற நிலை அந்த வழக்கின் வழியாகவே வந்தது. அமெரிக்காவில் 1954 இல் கொண்டுவரப்பட்ட சட்டம், வரிவிலக்குப் பெறும் தர்ம அமைப்புகள் வேட்பாளர்களை ஆதரிப்பதையும் எதிர்ப்பதையும் தடுத்தது. பக்கம் சாராத வாக்காளர் கல்வியை அவை இன்றும் தாராளமாகச் செய்கின்றன. எங்கும் கோடு ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் விழுகிறது.

'எமது வாக்கு சிதறாதா?'

இதைச் சொன்னால் ஊரில் ஒரு பதில் வரும். நாங்கள் சிறுபான்மை. மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர். எட்டு ஆசனங்களில் ஒன்றையாவது பெற வேண்டுமானால் பள்ளிவாசலும் சங்கங்களும் வழிகாட்டத்தானே வேண்டும்? இது நியாயமான கவலை. மூன்று தசாப்தங்களாக மாவட்ட மக்களின் வாக்கால் தெரிவான முஸ்லிம் உறுப்பினர் இல்லாமல் இருந்து, 2020 இல் முஸ்லிம் கட்சிகள் பொதுச் சின்னத்தில் சேர்ந்து நின்றபோதுதான் ஒருவர் கிடைத்தார் என்பதும் உண்மை.

ஆனால் கூட்டுச் சேர்வதும் சின்னம் தேர்வதும் கட்சிகளின் வேலை. அதே 2020 ஒக்டோபர் 22 ஆம் திகதியை நினைவுகூருங்கள். ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஜனாதிபதியின் அதிகாரங்களை விரிவாக்கும் 20 ஆவது திருத்தத்துக்கு, எமது வாக்கால் எதிர்க்கட்சி வரிசைக்குச் சென்ற முஸ்லிம் உறுப்பினர்கள் பலர் கை உயர்த்தினார்கள். புத்தளத்தின் உறுப்பினரும் அவர்களில் ஒருவர். அவர்களுக்குக் காரணங்கள் இருந்திருக்கலாம். கட்சி அதற்குப் பதில் சொல்லும், சொல்லாவிட்டால் அடுத்த தேர்தலில் மக்கள் சொல்வார்கள். ஒரு பள்ளிவாசல் நிர்வாகம் இவருக்கே போடுங்கள் என்று சொல்லியிருந்தால் அது யாரிடம் போய்ப் பதில் சொல்லும்? அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே மக்கள்தான் அதே ஸப்பில் நிற்பார்கள்.

அயலவரையும் யோசிக்க வேண்டும். உடப்பில் தமிழர், தலவில பக்கத்தில் கத்தோலிக்கர், எல்லாத் திசையிலும் சிங்கள மக்கள். அவர்களுடைய தேவாலயமும் கோவிலும் விகாரையும் ஒரு வேட்பாளருக்காகப் பிரசாரம் செய்தால் நாம் அச்சப்படுவோம். எமது பள்ளிவாசல் செய்தால் அவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

நிர்வாகங்களுக்குச் சில வரிகள்

• வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பே நிர்வாகக் கூட்டத்தில் 'சங்கம் எவரையும் ஆதரிக்காது' என்று தீர்மானம் எடுத்துக் குறிப்பேட்டில் பதியுங்கள். பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள்.

• நிர்வாகி ஒருவர் வேட்பாளரானால், அல்லது ஒரு கட்சிக்காகப் பகிரங்கமாக வேலை செய்தால், தேர்தல் முடியும்வரை பதவியிலிருந்து விலகி நிற்கட்டும்.

• வேட்பாளரிடமிருந்து அந்தக் காலத்தில் பணமோ பொருளோ வாங்க வேண்டாம். வழமையான உதவிகளை நிறுத்தவும் வேண்டாம். பட்டியலும் அளவும் சென்ற ஆண்டைப் போலவே இருக்கட்டும்.

• மண்டபத்தை ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் அதே கட்டணத்தில் கொடுங்கள். முடியாவிட்டால் எவருக்கும் கொடுக்காதீர்கள். பள்ளிவாசலின் உட்பகுதி எவருக்கும் இல்லை.

• சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் வேட்பாளர் படங்களைத் தடை செய்யுங்கள். இடாப்பு, ஆவணம், வாக்களிப்பு நேரம் பற்றிய செய்திகளை மட்டும் அனுமதியுங்கள்.

• வாக்களிப்புக்கு முந்திய 48 மணித்தியாலம் பிரசாரம் நின்றுவிட வேண்டிய நேரம். எப்படி வாக்களிப்பது என்ற வகுப்புகளை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

• பெண்களுக்கான வகுப்பைப் பெண்களே நடத்தட்டும். எமது ஊர்களில் ஆசிரியைகளுக்குக் குறைவில்லை.

வடமேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். அது மீண்டும் எப்போது அறிவிக்கப்பட்டாலும், அறிவித்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது. வாக்காளர் இடாப்புத் திருத்தம் ஆண்டுதோறும் நடக்கிறது. தேர்தல் சூடு இல்லாத அந்த நாட்களில் கிராம உத்தியோகத்தர் படிவத்தோடு வரும்போது, ஊர்ச் சங்கமும் அவரோடு வீடு வீடாகப் போகட்டும். அப்போது போடப்படும் எந்தப் பெயரும் எந்தக் கட்சிக்கும் சொந்தமாக இருக்காது.